அம்மாச்சி பிறந்த ஊர்

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிநூலைத் தமிழ் படித்தவள் எதற்கு வாசிக்க வேண்டும் என்று எங்கள் துறைத் தோழி கேட்டாள். அதில் ஒரு வரியில் பாட்டி வருகிறாள், அதற்காகத்தான் என்றேன். சட்டப் பிரதிகளில் பாட்டிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. சொத்துப் பத்திரத்தில் பாட்டனார் வருவார், முப்பாட்டனார்கூட வருவார். பாட்டி வந்தால் கைநாட்டு வைக்க வருவாள், அவ்வளவுதான்.

அந்த வரியின் சாரம் இது. ஒருவர் புதிதாகக் குடியுரிமை பெற்ற நாட்டின் அணிக்கு ஆட விரும்பினால் அந்த நாட்டோடு உண்மையான தொடர்பு இருக்க வேண்டும். அவரே அங்கே பிறந்திருக்கலாம். பெற்ற தாயோ பெற்ற தந்தையோ அங்கே பிறந்திருக்கலாம். பாட்டியோ தாத்தாவோ அங்கே பிறந்திருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். வரிசையைக் கவனியுங்கள். தந்தைக்கு முன் தாய், தாத்தாவுக்கு முன் பாட்டி. எழுதியவர்கள் யோசித்துத்தான் அப்படி எழுதினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிரதியை வாசிப்பது என் தொழில், இருப்பதை வாசிக்கிறேன்.

என் அம்மாச்சி மலாயாவில் பிறந்தவள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து கங்காணி ஒருவன் சேர்த்த கூட்டத்தோடு அவளுடைய அப்பாவும் அம்மாவும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்துப் பால்மரத் தோட்டம் ஒன்றில் வேலைக்குப் போனார்கள். அங்கே 1928 வாக்கில் இவள் பிறந்தாள். 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தபோது தோட்டங்கள் தமிழ்த் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பின. நான்கு வயதில் அவளும் வந்தாள். அதன் பிறகு சாகும்வரை கடலைத் தாண்டவில்லை. நாற்றுப் பறித்தாள், நடவு நட்டாள், ஏழு பிள்ளை பெற்று நான்கை வளர்த்தாள். ஊரில் அவளுக்குப் பெயர் ‘மலாயாக்காரி’.

கெடாவைத்தான் நம் பழைய ஏடுகள் கடாரம் என்கின்றன. தஞ்சாவூர்க்காரர்களான எங்களுக்குக் கடாரம் என்றால் முதலாம் ராசேந்திரன். ‘கடாரம் கொண்டான்’ என்பது அவனுடைய பட்டம். கடாரத்தில் பிறந்தவளுக்குக் கிடைத்ததும் ஒருவகையில் பட்டம்தான். வாய்க்கால் தகராறு வரும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் அவளை ஏசுவார்கள்.

டெல்டா கிராமங்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வழக்கம் தெரியும். மருமகளாக வந்தவளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வடுவூரிலிருந்து வந்தவள் ‘வடுவூரா’, பேராவூரணியிலிருந்து வந்தவள் ‘பேராவூரணியா’. அறுபது வருஷம் ஒரே ஊரில் வாழ்ந்து, அங்கேயே பேரன் பேத்தி எடுத்தாலும் அவள் வடுவூராதான். வெளியிலிருந்து பார்த்தால் பெண்ணின் பிறந்த ஊருக்குக் கொடுக்கும் மரியாதை போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. நீ இந்த ஊர்க்காரி இல்லை என்பதைத் தினமும் நூறு தடவை ஞாபகப்படுத்துகிற ஏற்பாடு அது. பிறந்த ஊருக்குப் போனாலோ ‘இன்னார் பெண்டாட்டி’ ஆகிவிடுவாள். ஆணுக்கு இப்படிப் பெயர் வைக்க வேண்டியதே இல்லை, அவன் எங்கும் போவதில்லையே.

‘தாயாதி’ என்ற சொல்லைக் கேட்டதும் வகுப்பில் மாணவிகள் தாயோடு சேர்த்துப் பார்ப்பார்கள். தாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொத்தில் பங்குள்ளவன் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. தந்தைவழிப் பங்காளிகளைக் குறிப்பது. தாய் இருப்பதுபோல் காட்டி இல்லாமலிருக்கும் சொல். ஃபிஃபா விதியில் பாட்டி உண்மையாகவே இருக்கிறாளா, தாயாதியில் தாய் இருப்பதுபோலத்தான் இருக்கிறாளா என்பதுதான் என் சந்தேகம்.

இந்த விதி எப்போதும் இருந்ததல்ல. அங்கேரியின் புஷ்காஷ் பிறகு ஸ்பெயினுக்கு ஆடினார். அர்ஜென்டினாவின் டி ஸ்டெஃபானோவும் ஸ்பெயினுக்கு ஆடினார். அன்று அது பெரிய விஷயமில்லை. 2004இல் கத்தார், தன்னோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிரேசில் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துக் குடிமக்களாக்க முயன்றபோது ஃபிஃபா விழித்துக்கொண்டு, ‘தெளிவான தொடர்பு’ வேண்டும் என்று கறாராக்கியது. 2020 திருத்தத்தில் குழந்தைப் பருவத்தில் வந்து குடியேறியவர்களுக்குக் கொஞ்சம் கதவு திறந்தது. பத்து வயதுக்கு முன் வந்தவருக்கு 3 ஆண்டு வாழ்ந்தால் போதும், அதற்குப் பின் வந்தவருக்கு 5 ஆண்டு. காசுக்கு நாட்டை விற்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் இந்த விதியின் அடிப்படை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காசைத் தடுக்க ரத்தத்தைக் காவலுக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு அயர்லாந்துக் கதை இருக்கிறது.

டோனி கஸ்கரினோ இங்கிலாந்தில் பிறந்தவர். தாய்வழித் தாத்தா அயர்லாந்துக்காரர் என்ற தகுதியில் அயர்லாந்துக்காக 88 ஆட்டங்கள் ஆடினார். ஆடிக்கொண்டிருந்த நாட்களிலேயே அவருடைய அம்மா ஒரு உண்மையைச் சொன்னார்: தான் அந்த வீட்டில் பிறந்தவளல்ல, தத்தெடுக்கப்பட்டவள். மகன் அதை வெளியே சொல்லவில்லை. 2000இல் வெளியான தன்வரலாற்றில் எழுதியபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அயர்லாந்துச் சங்கம், தத்துப்பிள்ளைக்கும் குடியுரிமை உண்டு, எனவே அவர் தகுதியுள்ளவரே என்று சொல்லிவிட்டது. பத்திரிகைகள் அதை ஒரு மோசடிக் கதைபோல எழுதின. நான் நினைப்பது அந்த அம்மாவை. தான் யாருக்குப் பிறந்தவள் என்பது அவளுடைய சொந்தத் துயரம், சொல்வதும் சொல்லாததும் அவள் உரிமை. மகன் பச்சை நிறச் சட்டை போட்ட ஒரே காரணத்தால் அது பொது ஆவணமாகிவிட்டது. ‘பெற்ற தாய்’ என்று விதியில் எழுதும்போது, எங்கோ ஒரு பெண்ணின் கருப்பையை விசாரணைக்கு அழைக்கிறோம் என்பது எழுதுகிறவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இப்போது என் அம்மாச்சி பிறந்த நாட்டுக்கு வருகிறேன்.

2025 ஜூன் 10 அன்று ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றது. புதிதாகக் குடியுரிமை பெற்ற தென்னமெரிக்க, ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் அணியில் இருந்தார்கள். அவர்களில் ஏழு பேருக்கும் தாத்தாவோ பாட்டியோ மலேசியாவில் பிறந்தவர் என்று ஆவணம் காட்டப்பட்டது. ஃபிஃபா மூலப் பதிவேடுகளைத் தேடிப் போனது. ஒருவரின் பாட்டி பினாங்கில் பிறந்தவர் என்றது காட்டப்பட்ட சான்றிதழ், மூலப்பதிவில் இருந்த ஊர் அர்ஜென்டினாவின் ரோல்டான். இன்னொருவரின் பாட்டி மலாக்காவில் பிறந்ததாகக் காகிதம் சொன்னது, உண்மையில் அவர் பிறந்தது ஸ்பெயினுக்குச் சொந்தமான ஒரு தீவில். 2025 செப்டம்பரில் ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, மலேசியச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். நவம்பரில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் அதை உறுதிசெய்தது.

செய்தியைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பினாங்கில் பிறக்காத பாட்டிகளுக்குப் பினாங்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. பினாங்கில் இறங்கி, மழைக்காட்டை வெட்டித் தோட்டமாக்கி, அங்கேயே பெற்று அங்கேயே புதைந்த நம் பாட்டிகளில் பலருக்குக் காகிதமே கிடையாது. பிறப்பைப் பதியாததால் இரண்டாம் மூன்றாம் தலைமுறையிலும் நாடற்றவர்களாக இருக்கும் தமிழர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள். அதே தோட்டங்களின் பிள்ளைகள்தான் அந்நாட்டின் பொற்காலக் கால்பந்தை ஆடியவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எம். சந்திரன், 1980 மாஸ்கோவுக்குத் தகுதிபெற்ற அணியில் கோல்காவலர் ஆர். ஆறுமுகம். எந்தப் பாட்டியையும் போலியாகப் பிறப்பிக்காமலேயே அந்த அணி உருவானது.

சிரிப்பு நின்றது வேறொன்றை நினைத்தபோது. மலேசிய அரசியலமைப்பின்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தந்தை மலேசியர் என்றால் குடியுரிமை தானாக வரும். தாய் மலேசியர், தந்தை வெளிநாட்டவர் என்றால் வராது. தாய்மார்கள் வருஷக்கணக்கில் நீதிமன்றப் படியேறிப் போராடி, 2024 அக்டோபரில்தான் நாடாளுமன்றத்தின் கீழவை அதைத் திருத்தும் மசோதாவை நிறைவேற்றியது. தன் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குத் தாய் கொடுக்க முடியாததை, அடுத்த ஆண்டே ஒரு போலிப் பாட்டி ஒரு முன்கள ஆட்டக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். பாட்டிக்கு இத்தனை சக்தி எங்கிருந்து வந்தது? பேரனின் காலிலிருந்து.

மலேசியாவை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டத்திலும் 1992 டிசம்பர் 10க்கு முன் வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு வம்சாவழிக் குடியுரிமை தந்தை வழியாக மட்டுமே. தாயும் கணக்கில் சேர்ந்தது அந்தத் தேதியிலிருந்துதான். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம்!

இலங்கையில் நடந்தது இன்னும் கொடியது. சுதந்திரம் வந்த கையோடு இயற்றிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அந்த மண்ணில் பிறந்த ஒருவரிடம் கேட்டது இதை: உன் தந்தை இங்கே பிறந்தாரா? இல்லையென்றால் தந்தைவழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? அம்மாச்சியும் இல்லை, அப்பாயியும் இல்லை, அம்மாவே இல்லை. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைச் சீமையிலிருந்து தேயிலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். மலையில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்கள் அங்கே பிறந்ததையும் உழைத்ததையும் பிள்ளை பெற்றதையும் சட்டம் பார்க்க மறுத்தது. தாய் வழியாகவும் குடியுரிமை வரலாம் என்ற திருத்தம் 2003இல் வந்தது. இப்படிப் பார்க்கும்போது ஒரு விளையாட்டுச் சங்கம் ‘பாட்டியோ தாத்தாவோ’ என்று எழுதியது நாடுகள் எழுதியதைவிட மேல் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

எழுத்தில் இருப்பது வாசிக்கப்படுகிறதா என்பது வேறு. பெங்களூரு அணியில் ஆடும் ரையன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், அந்நாட்டு அணிக்காக ஒரு நட்பு ஆட்டம் ஆடியவர். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, வெளிநாட்டுவாழ் இந்தியர் அட்டை வைத்திருந்தாலும் தேசிய அணியில் ஆட முடியாது. ஆகவே 2025இல் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டை விட்டுவிட்டு இந்தியரானார். அவரை இந்த மண்ணோடு இணைப்பவர் மும்பையின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தில் பிறந்த அவருடைய அம்மா. நான் படித்த செய்திகளில் பெரிதாக இருந்ததோ, அம்மாவின் அப்பா 1950களில் பம்பாய்க்காகச் சந்தோஷ் கோப்பையில் ஆடினார் என்பது. அம்மா, தாத்தாவிலிருந்து பேரனுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு ரயில் நிலையம்போல ஆகிவிட்டார்.

இதுவரை சொன்ன கதைகளில் ஆடியவர்களெல்லாம் ஆண்கள். பெண் ஆட வந்தால் விதிநூல் இன்னொரு பக்கத்தைத் திறக்கிறது. விதியின் பழைய ஆங்கிலப் பதிப்புகளில் வாக்கியம் முழுக்க ‘அவன்’தான். இது இருபாலருக்கும் பொருந்தும் என்று ஓரிடத்தில் குறிப்பு போட்டிருப்பார்கள். தமிழ் இலக்கணம் படித்த எங்களுக்கு இந்தக் குறிப்பு புதிதல்ல. ஆனால் 2011இல் ஃபிஃபா தனியாக ஒரு விதி கொண்டுவந்தது, பாலினச் சரிபார்ப்பு விதி. எழுத்தில் அது ஆண், பெண் இருவருக்கும் பொது. நீ ஆண்தானா என்று ஒரு ஆணைச் சோதித்து வெளியேற்றிய கதையை நான் எங்கும் படித்ததில்லை.

ஜாம்பியாவின் பார்ப்ரா பண்டா, டோக்கியோ ஒலிம்பிக்கில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் மும்மூன்று கோல் அடித்தவர். மறு ஆண்டு, 2022இல், மொராக்கோவில் நடந்த ஆப்பிரிக்க மகளிர் கோப்பையில் அவரால் ஆட முடியவில்லை. ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் ஹார்மோன் அளவு விதி குறுக்கே வந்தது. 2023 உலகக் கோப்பையில் ஆடினார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார். ஒலிம்பிக்கில் பெண், ஆப்பிரிக்கக் கோப்பையில் சந்தேகத்துக்குரியவர், உலகக் கோப்பையில் மீண்டும் பெண். உடல் அதேதான், அதை வாசிக்கும் அலுவலகம்தான் மாறியது.

தஞ்சாவூரில் இருந்துகொண்டு இதை எழுதும் நான் ஜாம்பியாவரை போக வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை செய்த தலித் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். சில நாட்களில், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அன்றைய முதல்வர் மு. கருணாநிதி அறிவித்தபடி 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தார், அதை நன்றியோடு சொல்ல வேண்டும். பதக்கம் திரும்பவில்லை. அப்போது நான் ஆய்வு மாணவி. விடுதியில் தொலைக்காட்சி முன்னால் நாங்கள் பேசியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. “பார்த்தாலே தெரியலையா” என்று ஒருத்தி சொன்னாள். நானும் சிரித்தேன். பெண்ணெழுத்தில் உடல் என்று ஆய்வு செய்துகொண்டிருந்தவள் நான்.

ஆணிடம் விதி கேட்பது ‘உன் பாட்டி எந்த ஊர்’ என்று. காகிதம் காட்டினால் முடிந்தது. பெண்ணிடம் அதையும் கேட்டுவிட்டு, ‘நீ பெண்தானா’ என்றும் கேட்கிறது. அதற்கு எந்த வட்டாட்சியர் சான்றிதழும் செல்லாது, ரத்தமும் எச்சிலும் தர வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகளத்தில் பெண்கள் பிரிவில் ஓட வரும் எல்லோருக்கும் மரபணுச் சோதனை கட்டாயம். ஒருமுறை செய்தால் வாழ்நாளுக்கும் போதுமாம். சலுகைபோலச் சொல்கிறார்கள்.

சரி, எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தால் ஆடலாமா? ஆப்கானிஸ்தான் பெண்களைப் பாருங்கள். காபூலில் பிறந்தவர்கள், தாயும் பாட்டியும் அங்கே பிறந்தவர்கள். விதியின் எல்லாக் கட்டங்களிலும் குறி போடலாம். 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அவர்களுக்கு அணி இல்லை. தேசிய அணி என்பது தேசியச் சங்கம் அனுப்பினால்தான் உண்டு, சங்கமோ தாலிபானின் பிடியில். தப்பி ஆஸ்திரேலியா போனவர்கள் நான்கு வருஷம் கதவைத் தட்டினார்கள். 2025இல் ஃபிஃபா ‘அகதிகள் அணி’ என்ற பெயரில் அனுமதித்து, அக்டோபரில் மொராக்கோவில் ஆடவைத்தது. சாடிடம் 6-1 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலைப் பலமுறை போட்டுப் பார்த்தேன். போலிப் பாட்டியோடு ஏழு பேர் ஒரு நாட்டுச் சட்டை போட்ட அதே ஆண்டில், அசல் பாட்டிகளின் பேத்திகள் நாட்டின் பெயர் இல்லாமல் ஆடினார்கள்.

என் வகுப்பில் ஒரு மாணவி விங்கில் ஆடுவாள். 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்ற தமிழ்நாட்டு மகளிர் அணியில் ஒருநாள் நின்றுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. மாநில அளவிலான ஒரு தேர்வுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் கேட்டார்கள், நாங்கள் நேட்டிவிட்டி என்று சொல்வது. அவளுக்கு இரண்டு வயதாகும்போது அப்பா போய்விட்டார். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு தன் பிறந்த ஊருக்கே வந்து, நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போய் வளர்த்தார். பதினெட்டு வருஷம் அந்த ஊர் மண். அலுவலகத்தில் கேட்டது, “அப்பா எந்த ஊரும்மா?” தெரியாது என்றிருக்கிறாள். அப்பாவின் குடும்ப அட்டையோ சாதிச் சான்றிதழோ கொண்டுவரச் சொல்லி மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை தாய்மாமன் கூடப் போய், “எங்க வீட்டுப் பொண்ணுதான் சார்” என்று சொன்னதும் வேலை நடந்தது. அவளுடைய அம்மா மூன்று முறையும் அதையேதான் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை தேர்வு. வியாழக்கிழமை படிவத்தை என்னிடம் காட்ட வந்தாள். ‘தந்தை / கணவர் பெயர்’ என்ற கட்டத்தில் அம்மாவின் பெயரை எழுதியிருந்தாள்.

“இதுக்காகத் தள்ளிட மாட்டாங்கல்லம்மா?”

அப்படிச் செய்ய விதியில் இடமில்லை என்றேன். எனக்கே அவ்வளவு நிச்சயமில்லை. பேனாவில் எழுதினாயா, பென்சிலிலா என்று கேட்டேன்.

“பேனாம்மா” என்றாள்.